ஐயாவின் கிளாஸ் ஏ அம்ப்ளிபயர்: வைத்திருப்பதா, விடுவதா?

வடலி, கொக்குவில்

எல்லோருக்கும் வணக்கம். சில நாட்களாக மனதை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு விடயத்தை இங்கே வைக்கிறேன்.

எங்கள் விறாந்தையில் ஐயா 1981இல் கையால் செய்த ஸ்டீரியோ அம்ப்ளிபயர் ஒன்று இருக்கிறது. ஜோன் லின்ஸ்லி ஹூட் 1969 ஏப்ரலில் ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றில் வெளியிட்ட பத்து வாட் கிளாஸ் ஏ வரைபடம்தான் அதற்கு மூலம். இடம், வலம் என்று ஒரு பக்கத்துக்கு நான்கே டிரான்சிஸ்டர்கள். 1995இல் போரால் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோது ஐயா அதைப் பொலித்தீனில் சுற்றி, சாக்கில் கட்டி, வளவுக்குள் புதைத்துவிட்டுத்தான் புறப்பட்டார். திரும்பி வந்து தோண்டியபோது பெட்டி துருவேறியிருந்தது. கப்பாசிட்டர்களை மட்டும் மாற்றினார். பாடியது. ஐயா போய் ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன, இன்றும் பாடுகிறது.

மகள் பாடசாலையில் சுற்றாடல் கழகத்தில் இருக்கிறாள். வீட்டில் எது எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று அளந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து குளிர்சாதனப்பெட்டி, மின்விசிறி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் அளந்துவிட்டு இதனிடம் வந்தாள். 88 வாட் என்று காட்டியது. ஒலியைக் கூட்டினாள், 88. முழுவதும் குறைத்தாள், அப்போதும் 88. இசைத்தட்டை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் காத்திருந்தாள். எண் அசையவில்லை. "பாட்டு இல்லாதபோதும் இது ஏன் இவ்வளவு எடுக்கிறது அப்பா?" என்று கேட்டாள்.

நான் இரவில் நான்கு மணி நேரம் அதைப் போட்டிருப்பேன். மாதத்துக்குப் பத்தரை அலகு. எங்கள் வீட்டின் மற்றப் பாவனை எல்லாம் சேர்ந்தே 54 அலகுதான். அறுபதைத் தாண்டியதும் கட்டண அட்டவணையே மாறிவிடுகிறது. ஆனால் பணத்தை விட மகளின் கேள்விதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. குறைந்த மின்சாரத்தில் இயங்கும் புதிய வகையான கிளாஸ் டியில் உள்ளங்கை அளவு பலகை ஒன்றை வாங்கி இதை ஓய்வுக்கு அனுப்பிவிடவா? இத்தகைய அம்ப்ளிபயர்களுக்கு இனி வீட்டில் இடம் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மின்னல்கொடி, கிளிநொச்சி (பொறியியல் மாணவன்)

அண்ணா, உங்கள் மகளின் கேள்விக்குரிய பதில் இதுதான். கிளாஸ் ஏ என்றால் டிரான்சிஸ்டர் ஒருபோதும் அணைவதில்லை. இசையின் உச்சம் வந்தால் கொடுக்க வேண்டிய மின்னோட்டம் முழுவதையும் எப்போதும் ஓடவிட்டு, அதில் கொஞ்சத்தை மட்டும் ஸ்பீக்கரின் பக்கம் திருப்பிவிடுகிறது. பாட்டு இல்லாவிட்டால் அத்தனையும் வெப்பமாகிவிடும். உங்கள் வரைபடத்தில் எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு 27 வோல்ட், 1.2 அம்பியர். பெருக்கினால் ஒரு பக்கத்துக்கு 32 வாட்டுக்குச் சற்று மேல், இரண்டுக்கும் 65. டிரான்ஸ்போமரின் இழப்பையும் சேர்த்தால் 88 என்பது சரியான கணக்கு. ஐயா பிசகில்லாமல் செய்திருக்கிறார்.

கோட்பாட்டின்படியே கிளாஸ் ஏயின் திறன், அதாவது வாங்கும் மின்சாரத்தில் ஸ்பீக்கருக்குப் போகும் பங்கு, சாதாரண அமைப்பில் 25 வீதத்தைத் தாண்டாது. சிறந்த அமைப்பிலும் 50தான். இரண்டு டிரான்சிஸ்டர்கள் மாறி மாறி வேலை செய்யும் கிளாஸ் பியின் எல்லை 78.5. கிளாஸ் டியில் டிரான்சிஸ்டர் ஒன்றில் முழுதாகத் திறந்திருக்கும், அல்லது முழுதாக மூடியிருக்கும். நொடிக்குச் சில இலட்சம் தடவை திறந்து மூடுவதால் இடைநிலையில் வீணாவது மிகக் குறைவு. 90 வீதத்தை நெருங்குகிறது.

இந்த எண்கள் எல்லாம் முழுச் சத்தத்தில் கணக்கிட்டவை. விறாந்தையில் இரவு கேட்கிற அளவில் இரண்டு ஸ்பீக்கருக்கும் சேர்த்து ஒரு வாட் போனாலே அதிகம். 88 வாட் வாங்கி ஒரு வாட் இசை! என்னிடம் உள்ள கிளாஸ் டி பலகை அதே இசைக்கு 8 வாட் எடுக்கிறது. ஒலித்தரத்திலும் இப்போதைய நல்ல கிளாஸ் டி பின்தங்கியது இல்லை. கண்ணை மூடிக் கேட்டால் பலருக்கு எது எதுவென்று பிரித்தறிய முடிவதில்லை. ஐயாவுடையதை அலுமாரியில் பத்திரமாக வையுங்கள். தினமும் கேட்கப் புதியதைப் பயன்படுத்துங்கள்.

---

கிணற்றடி, சுன்னாகம்

பத்தரை அலகுதானே என்று யாரும் எழுதிவிடுவதற்கு முன் நான் எழுதிவிடுகிறேன்.

எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. குடிப்பது, குளிப்பது, தோட்டத்துக்கு இறைப்பது எல்லாம் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கி நிற்கும் நிலத்தடி நீர். ஓரிடத்தில் ஊறியது இன்னோரிடத்தில் எழும். எங்கள் ஊரில் எண்ணெய் எரித்து மின்சாரம் எடுத்தார்கள். அந்த ஆண்டுகளில் கிணற்றில் வாளியை இறக்கினால் கயிற்றோடு எண்ணெய் மணம் ஏறி வரும். அம்மா முதல் வாளியை முற்றத்தில் ஊற்றி, வெயிலில் சாய்த்துப் பார்ப்பார். தண்ணீரின் மேல் நீலமும் ஊதாவுமாக ஒரு படலம் மினுங்கும். ஐம்பது ஆண்டுகள் எங்களை வளர்த்த கிணற்றை மூடிவிட்டு, தெருவில் வைத்த தாங்கியிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்தோம். 2019இல் உயர்நீதிமன்றம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தது. அம்மா அந்தத் தண்ணீரை மறுபடியும் வாயில் வைக்கவில்லை.

ஒரு அலகு மின்சாரம் என்றால் எனக்கு அந்த வாளிதான் நினைவுக்கு வருகிறது. வடலித் தம்பி, உங்கள் ஐயாவின் கைவேலையை நான் மதிக்கிறேன். ஆனால் பாட்டு ஓடாத நேரத்திலும் 88 வாட் எரிகிறது என்றால், அந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளையின் பக்கம்தான் நான்.

---

திருவிழா ஒலி, மானிப்பாய்

கோயில் திருவிழாக்களுக்கு ஒலி அமைப்புக் கொடுப்பது என் தொழில். பழைய அம்ப்ளிபயர் ஒன்றைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். பாதிப் பாரம் டிரான்ஸ்போமர்தான். 2022 பங்குனியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். டீசலுக்கு வரிசையில் கிடந்து, கிடைத்த பத்து லீற்றரை வைத்துக்கொண்டு கொடியேற்றத்தை நடத்தினேன். அடுத்த ஆண்டே எல்லாவற்றையும் கிளாஸ் டிக்கு மாற்றிவிட்டேன். பத்து கேவீஏ ஜெனரேட்டர் போன இடத்துக்கு இப்போது ஐந்து போதும். பெட்டியை ஒரு கையால் தூக்குகிறேன். இனி ஒருபோதும் திரும்பிப் போகமாட்டேன்.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். பழையதில் டிரான்சிஸ்டர் எரிந்தால் கடையில் 2என் 3055 வாங்கி, வீதியோரத்தில் வைத்தே மாற்றி, அன்றிரவே பாடவிடுவேன். போன ஐப்பசி மழையில் இடி விழுந்து மூன்று கிளாஸ் டி பெட்டிகள் போயின. திறந்து பார்த்தால் அரிசிமணி அளவு உறுப்புகள். பெரிய சிப்பின் மேல் எழுதியிருந்த இலக்கத்தையே சுரண்டி அழித்திருக்கிறார்கள். முழுப் பலகையாக வாங்கு என்கிறார்கள். கொட்டிலுக்குள் ஒரு உரப்பை நிறையச் செத்த பலகைகள் கிடக்கின்றன. குப்பை வண்டியில் போட மனம் வரவில்லை. இந்தப் பை எந்த மீட்டரில் தெரியும்?

---

பனிப்புலத்தான், ஒஸ்லோ

என்னிடம் வால்வு அம்ப்ளிபயர் ஒன்று இருக்கிறது. வால்வு என்பது டிரான்சிஸ்டருக்கு முந்தைய காலத்துக் கண்ணாடிக் குமிழ். இதில் இஎல் 34 வகை நான்கு. சூடாக்கும் இழைக்கு மட்டும் ஒரு வால்வுக்கு 6.3 வோல்ட், 1.5 அம்பியர், நான்குக்கும் 38 வாட். பாடத் தொடங்குவதற்கு முன்னரே அவ்வளவு போய்விடும். ஆனால் இங்கே மார்கழியில் அறையை எப்படியும் மின்சார ஹீட்டரால்தான் சூடாக்குகிறோம். அம்ப்ளிபயர் தரும் வெப்பத்தின் அளவுக்கு ஹீட்டர் குறைவாக எரிகிறது. மின்சாரமும் பெரும்பாலும் நீர்வீழ்ச்சியிலிருந்து வருவது. அதே பெட்டியைக் கொக்குவிலுக்குக் கொண்டுவந்து சித்திரை வெயிலில் போட்டால், அது கக்கும் வெப்பத்தை வெளியேற்ற மின்விசிறி வேறு போட வேண்டும். ஆகவே பெட்டியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆடியில் நானும் அதைத் தொடுவதில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளையும் சொல்லிவிடுகிறேன். சும்மா நிற்கும் வீட்டுச் சாதனம் அரை வாட்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது 2013இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பாவிக்காமல் விட்டால் தானாகவே அந்த நிலைக்குப் போகவும் வேண்டும். பாடிக்கொண்டிருக்கும்போது எவ்வளவு எடுக்கிறது என்பதில் அந்த விதி கைவைக்கவில்லை. ஆளில்லாமல் எரிவதைத்தான் பிடித்தார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

---

பழைய வால்வு, இணுவில்

வடலித் தம்பி, உம்முடைய ஐயாவை எனக்குத் தெரியும். அந்த அம்ப்ளிபயரின் சூட்டை வெளியேற்றும் வெப்பத்தட்டுக்கு அலுமினியம் தேடி அவர் என் கடைக்கு வந்திருக்கிறார். அந்த உரிமையில் சற்று நீளமாக எழுதுகிறேன்.

ஒரு வாட் எவ்வளவு என்று இன்றைய பிள்ளைகள் மீட்டரில் பார்க்கிறார்கள். எங்கள் தலைமுறைக்குக் காலில் தெரியும். தொண்ணூறுக்குப் பிறகு போர்க்கால ஆண்டுகளில் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. பற்றரி தடை செய்யப்பட்ட பொருள். இரவுக்கு ஜாம் போத்தல் விளக்கு. செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சில்லில் பொருத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற வேண்டும். டைனமோ ஆறு வோல்ட், மூன்று வாட். பத்துப் பேர் சுற்றி நின்று பிபிசி தமிழோசை கேட்போம். சுற்றுகிறவன் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரல் கம்மிப்போகும். "விடாதே, விடாதே" என்று எல்லோரும் கத்துவார்கள். அடுத்தவன் ஓடிவந்து பெடலைப் பிடிப்பான். நல்ல திடமுள்ள ஒருவர் சைக்கிளில் ஏறி மிதித்தால் ஒரு மணி நேரம் விடாமல் 75, மிஞ்சினால் 100 வாட் கொடுப்பார். உம்முடைய 88 வாட் என்பது, நீர் விறாந்தையில் சாய்ந்து பாட்டுக் கேட்கும் நான்கு மணி நேரமும் ஒரு மனிதன் முற்றத்தில் நின்று மிதிப்பது. சுன்னாகத்துத் தங்கச்சி சொல்வதை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன்.

அதற்காக அதைத் தூக்கி எறியும் என்று நான் சொல்லப்போவதில்லை. நீங்கள் எல்லோரும் அம்ப்ளிபயரையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஸ்பீக்கரை யாரும் கேட்கவில்லை.

ஒரு வாட் கொடுத்து ஒரு மீற்றரில் நின்று அளந்தால் எத்தனை டெசிபெல் சத்தம் வருகிறது என்பதுதான் ஸ்பீக்கரின் திறன். மூன்று டெசிபெல் கூடினால் அதே சத்தத்துக்குப் பாதி வாட் போதும். இப்போது கடையில் விற்கும் சின்னப் பெட்டிகள் பெரும்பாலும் 85, 87 டெசிபெல். சின்னப் பெட்டியில் ஆழ்ந்த ஒலி வேண்டுமென்று கனமான கூம்பு போட்டு, அதைத் தள்ளப் பெரிய அம்ப்ளிபயரை வைக்கிறார்கள். பழைய காகிதக் கூம்பு ஸ்பீக்கரில் 96 டெசிபெல் எளிதாக வரும். 87க்கும் 96க்கும் ஒன்பது டெசிபெல் வித்தியாசம். அதாவது எட்டு மடங்கு. பத்து வாட் வேண்டிய இடத்தில் ஒன்றேகால் வாட் போதும். 300பி என்ற வால்வு 1938இல் வந்தது. ஒற்றை வால்வாக நின்றால் ஏறத்தாழ எட்டு வாட்தான் தரும். அந்தக் காலத்துத் திரையரங்குகள் அந்த மாதிரிச் சில வாட்டுகளை வைத்தே மண்டபம் முழுவதும் பேசவைத்தன. பின்னால் நின்றது ஆளுயரக் கொம்பு ஸ்பீக்கர். மானிப்பாய்த் தம்பிக்கு அந்தக் குழாயின் பலம் தெரிந்திருக்கும்.

வாட் மலிவானதும் ஸ்பீக்கரின் திறனை நாங்கள் கைவிட்டோம். அதுதான் பிழைத்த இடம்.

இனி உம்முடைய வரைபடத்துக்கு வருவோம். 27 வோல்டும் 1.2 அம்பியரும் பத்து வாட்டுக்கானவை. உமக்குத் தேவை ஒன்றரை வாட். 13 வோல்டும் 0.7 அம்பியரும் கொடுத்தால் அது வந்துவிடும். ஒரு பக்கத்துக்கு 9 வாட், இரண்டுக்கும் 18. அப்போதும் அது கிளாஸ் ஏதான். ஐயாவின் அதே நான்கு டிரான்சிஸ்டர்கள். இன்னொன்றும் கவனியும். சூரிய மின்தகட்டோடு வரும் 12 வோல்ட் பற்றரி நிரம்பியிருக்கும்போது ஏறத்தாழ 13 வோல்ட் தரும். டிரான்ஸ்போமரே வேண்டாம். பகல் வெயில் நிரப்பியதை இரவில் கேட்கலாம்.

செய்யும் முறை: உள்ளே ஒவ்வொரு பக்கத்துக்கும் திருப்பக்கூடிய சிறிய மாறுதடைகள் இருக்கும், ஒன்று மின்னழுத்தத்துக்கு, மற்றது ஓட்டத்துக்கு. முதலில் ஸ்பீக்கரைக் கழற்றி, எட்டு ஓம் தடையை அந்த இடத்தில் போடும். வெளியீட்டுக் கப்பாசிட்டருக்கு முன்னால் உள்ள நடுப்புள்ளியில் மீட்டரை வைத்து, மின்னழுத்தம் சரியாகப் பாதியில், அதாவது 6.5 வோல்டில் நிற்கும்வரை திருப்பும். பிறகு ஓட்டத்தை 0.7இல் நிறுத்தும். அரை மணி நேரம் சூடேறவிட்டு இரண்டையும் மறுபடி பாரும். சூடேறினால் ஓட்டம் நகரும். அவசரப்பட வேண்டாம்.

---

மின்னல்கொடி, கிளிநொச்சி

மாஸ்டர், ஸ்பீக்கரை நான் கணக்கில் எடுக்கவில்லை. நீங்கள் சொல்வது சரி.

நேரத்தைப் பற்றியும் ஒன்று சேர்க்கிறேன். மாலை ஆறரையிலிருந்து இரவு பத்தரை வரை நாட்டின் மின்தேவை உச்சத்தில் நிற்கும். அந்த நேரத்தில் நுரைச்சோலை மின்நிலையத்தில் நிலக்கரியும் வேறிடங்களில் எண்ணெயும் எரிந்துகொண்டிருக்கும். பகலில் நிலைமை தலைகீழ். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்தேவை குறைந்ததால், கூரையில் சூரிய மின்தகடு வைத்திருப்பவர்களைப் பகலில் அணைத்துவைக்கும்படி கேட்டார்கள். வெயிலில் பிறந்த மின்சாரம் போக இடமில்லாமல் நின்றது. ஞாயிறு நண்பகலில் 88 வாட் எரிப்பதும் இரவு எட்டு மணிக்கு 88 வாட் எரிப்பதும் ஒன்றல்ல. பற்றரியில் 18 வாட் என்பது இன்னும் மேல். 12 வோல்ட், 7 அம்பியர்மணிப் பற்றரியில் 84 வாட்மணி இருக்கும். இரண்டு மணி நேரம் கேட்டால் 36 போகும், பாதிக்கும் குறைவு. பற்றரியும் நீண்ட காலம் உழைக்கும்.

ஆனாலும் நாள் முழுவதும் வானொலி போட்டு வைப்பவர்களுக்கு என் பதில் கிளாஸ் டிதான். இதை நான் விடமாட்டேன்.

---

திருவிழா ஒலி, மானிப்பாய்

குழாயின் பலம் தெரியும் மாஸ்டர். நாதஸ்வரத்துக்கு நான்கு குழாய் கட்டினால் முன்பு 100 வாட்டில் இரண்டு ஊருக்குக் கேட்கும். இப்போதைய பெட்டி ஸ்பீக்கர்களுக்கு ஆயிரம் கொடுத்தாலும் வீதி முனையைத் தாண்டுவதில்லை. அடுத்த திருவிழாவுக்குப் பழைய குழாய்களைத் தட்டி எடுத்துப் பார்க்கிறேன்.

---

கிணற்றடி, சுன்னாகம்

நேற்று எழுதியதில் ஒன்றையும் நான் மாற்றவில்லை. ஆனால் மாஸ்டர் சொன்ன சைக்கிள் கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "எங்கள் வீட்டில் உன் மாமாதான் சுற்றுவார்" என்றார். எனக்கு இதுவரை அது தெரியாது.

18 வாட், அதுவும் வெயிலிலிருந்து என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. கேட்டு முடிந்ததும் ஆளியை அணைத்துவிடுங்கள். மானிப்பாய் அண்ணாவின் உரப்பையைப் பற்றி ஒருவரும் பதில் எழுதவில்லையே? ஈயமும் பிளாஸ்டிக்கும் மண்ணுக்குள் போனால் அதுவும் எங்கள் கிணற்றுக்குத்தான் வரும்.

---

பழைய வால்வு, இணுவில்

அந்தப் பையை இங்கே கொண்டுவரட்டும். இரும்புத்துகள் வளையச் சுருள்கள், இணைப்பான்கள், வெப்பத்தட்டுகள், பெரிய கப்பாசிட்டர்களில் பாதி எடுக்கலாம். என்னிடம் வேலை பழகும் பெடியனுக்கும் கைப்பழக்கமாகும். மீதியை முறையாக எடுப்பவர்களிடம் கொடுக்கும்வரை சீமெந்துத் தரையில், கூரைக்குக் கீழே வைப்போம்.

---

வடலி, கொக்குவில்

எல்லோருக்கும் நன்றி. மாஸ்டர் சொன்னபடி சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதனோடு இருந்தேன்.

மூடியைக் கழற்றியதும் ஐயாவின் எழுத்து. ஒவ்வொரு மாறுதடைக்கும் பக்கத்தில் பென்சிலால் இலக்கம் குறித்து, கடைசியாகத் திருத்திய திகதியும் போட்டிருக்கிறார். அதற்குக் கீழே மகள் புதிய இலக்கங்களை எழுதினாள்: 13, 0.7, 6.5. மீட்டரின் கறுப்பு ஊசியை நான் பிடித்தேன். சிவப்பை அவள் பிடித்தாள். முதல் தடவை 6.5இல் நிறுத்தி, அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் 6.1. மறுபடி திருப்பினோம். மூன்றாம் தடவை அசையாமல் நின்றது. முன்பு வெப்பத்தட்டில் கையை வைத்தால் மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிடுவேன். இப்போது உள்ளங்கையை வைத்தபடியே இருக்கலாம்; காலையில் கறந்த பாலின் சூடுதான்.

ஸ்பீக்கர் பக்கத்து வீட்டுப் பெரியப்பாவின் பழைய வானொலிப் பெட்டியிலிருந்து எடுத்த எட்டங்குலக் காகிதக் கூம்பு. ஒரு சோடி கிடைத்தது. பழைய அலுமாரிப் பலகையில் பெட்டி அடித்தோம்.

முதலில் போட்டது இணுவில் தந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் கச்சேரி, ஐயா ஒலிநாடாவில் எடுத்து வைத்தது. அவர் 1975இல் மறைந்தார்; நான் நேரில் கேட்டதில்லை. தவிலின் இடப்பக்கமான தொப்பியில் விழும் கோலின் அடி நெஞ்சில் வந்து தட்டியது. வலப்பக்கமான வலந்தலையில் விரல்கள் உருளும்போது ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தெரிந்தது. சத்தத்தை நான் பாதிக்கு மேல் கூட்டவே இல்லை. மிகவும் கூட்டினால் உச்சத்தில் சற்றுக் கரகரக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பத்து வாட்டின் தாராளம் இதில் இல்லை. விறாந்தைக்கு இது போதும்.

மின்னல்கொடித் தம்பி, காலையில் சமையலறை வானொலிக்கு உம்முடைய சொல்லைக் கேட்டு ஒரு கிளாஸ் டி பலகை வாங்கியிருக்கிறேன். அது நாள் முழுவதும் பாடுகிறது. ஐயாவுடையது மாலை ஏழிலிருந்து ஒன்பது வரை, பற்றரியில் மட்டும். மகள் சுற்றாடல் கழகக் கொப்பியில் 88 என்பதைக் கோடு போட்டு வெட்டிவிட்டுப் பக்கத்தில் 18 என்று எழுதியிருக்கிறாள்.

மாஸ்டர், இரண்டு சந்தேகங்கள். ஆளியைப் போட்டதும் ஸ்பீக்கரில் "டொம்" என்று ஓர் அடி விழுகிறது. கூம்புக்குக் கேடா? மற்றது, கழற்றிய டிரான்ஸ்போமர் நல்ல நிலையில் இருக்கிறது. சும்மா கிடக்கவிட மனம் இல்லை.

---

பழைய வால்வு, இணுவில்

அது வெளியீட்டுக் கப்பாசிட்டர் நிரம்பும் அடி. கூம்புக்குக் கேடில்லை. வேண்டுமானால் ஸ்பீக்கருக்கு ஒரு தனி ஆளி வைத்து, பத்து நொடி கழித்துப் போடும். அந்த ஆளிக்கு முன்னால், கப்பாசிட்டரிலிருந்து நிலத்துக்கு ஆயிரம் ஓம் தடை ஒன்று போட மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் ஆளியைப் போடும்போது அந்த அடி அப்படியே விழும்.

டிரான்ஸ்போமரைக் கொண்டுவாரும். பக்கத்துக் கோயில் அம்ப்ளிபயருக்கு அதே அளவில் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். வரும்போது மகளையும் மீட்டரோடு கூட்டிவாரும். என் கடையில் அளக்க நிறைய இருக்கிறது.